வெறும் வீட்டுக்கு ஒரு சீட்டுக்கட்டு

போதகரே, நீங்கள் வசனத்தில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். துரத்திய பேய் ஏழு பேய்களோடு திரும்பி வருமென்று, குடியை விட்ட அன்ரனைப் பார்த்தே பிரசங்கித்தீர்கள். பாட்டுப் புத்தகம் பிடித்திருந்த அவன் கை நடுங்கியது.

குடியை விட்ட புதிதில் என் அப்பாவுக்கும் பொழுதுபட்டால் கை நடுங்கும். அவர் முன்பு கள்ளுத் தவறணைக்குப் போகும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மரியதாஸ் மாமா சீட்டுக்கட்டோடு வருவார்.

"ஏன் கையை ஒளிக்கிறீர், சூசை? நடுங்கட்டும். அப்பதான் உம்மடை சீட்டெல்லாம் எனக்குத் தெரியும்!"

அப்பா சிரித்துவிடுவார். தவறணை பூட்டும்வரை ஆட்டம் நடக்கும். அப்பா பிறகு குடிக்கவேயில்லை.

பேய் போனபின் கூட்டிப் பெருக்கிய வீடு வெறுமையாகக் கிடந்ததால்தான் பேய் திரும்பியது என்றார் இயேசு. அதை ஏன் சொல்லவில்லை? இன்று பின்னேரம் நான் அன்ரன் வீட்டுக்குச் சீட்டுக்கட்டோடு போகிறேன். நீங்களும் ஒருநாள் வருவீர்களா? வரும் ஞாயிறு சபை முன்னால் பதில் சொல்லுங்கள்.