நாங்கள் மொன்றியல் ஆக்கள்

அந்த வான் சாரதியின் பெயரை நான் கேட்கவே இல்லை. தடித்த மீசை, காதை மூடிய கம்பளித் தொப்பி. எங்களைப்போல அவரும் இலங்கையில் பிறந்தவர்தான்; ஆனால் பனியைப் பற்றி யார் வாய் திறந்தாலும் "நாங்கள் மொன்றியல் ஆக்கள்" என்று தொடங்கிவிடுவார்.

2005 தை மாதம், ஒரு கலியாணத்துக்கு எங்களைக் கனடாவின் மொன்றியலில் இருந்து அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே விழுந்திருந்தது அரை அங்குலப் பனிதான். வீதிக்கு உப்புப் போட ஆளில்லை. சனம் கார்களை அப்படியே விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது.

"இதுவும் ஒரு ஸ்னோவே? எங்கட ஐஸ்பெட்டிக்குள்ள இதைவிடக் கூடக் கிடக்கு" என்று சிரித்தபடி வளைவில் திருப்பினார். வான் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்துக்குள் மூக்கைக் குத்தியது.

"அண்ணை, பனிக்குப் போடுற விண்டர் டயர் போடேல்லையே?" என்று கேட்டேன்.

"இஞ்சால வெயில்தானே எண்டு கழட்டிப்போட்டு வந்தனான்."

உதவிக்கு வந்த பொலிஸ்காரர், எந்த ஊர் என்று விசாரித்தார். எங்கள் சாரதி மெல்ல வானின் பின்பக்கம் நகர்ந்து, மொன்றியலைக் காட்டிக்கொடுக்கும் கியூபெக் மாகாண நம்பர் தகட்டை முதுகால் மறைத்துக்கொண்டு, "ஸ்ரீலங்கா" என்றார்.

பாவம், அங்கே பனியே விழாதே என்று பொலிஸ்காரர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். இவரும் உடனே குளிரில் நடுங்கிக் காட்டினார்.

அவர் சொன்னது பொய் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.