காலால் பிறந்தவன் உதைத்த முதுகு

டுரியான் துங்கால் ஊரில் பள்ளிக் கேன்டீன் வேலை எனக்கு. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்றே நினைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் இளைத்தது. இருமல் மட்டும் இல்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால், தயவுசெய்து என்னைப்போல் மடத்தனம் பண்ணாதீர்கள்.

பிறக்கும்போது கால் முதலில் வந்த பிள்ளை உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். என் தம்பி குமரன் அப்படிப் பிறந்தவன். அவன் இருக்கும் ரெம்பியா எஸ்டேட்டில் பாதிப் பேர் அவனிடம் உதை வாங்கியவர்கள். அம்மா அவனை வரவழைத்தார்.

"மெதுவா உதைச்சா போகாது லா. நல்லா குடுடா!" என்றார் அம்மா.

குடுத்தான். உள்ளே ஏதோ நொறுங்கியது. நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஓடி வந்தார். மறுநாள் எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு கால்களும் மரக்கட்டையாகக் கிடந்தன. குமரன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் தமிழ்ப் பெண். "முதுகெலும்புல டிபி அக்கா. கிருமி ரத்தத்தோட போய் எலும்ப அரிச்சிருக்கு. சீழ் தண்டுவடத்த நசுக்குது. மூளையிலருந்து காலுக்குச் சேதி கொண்டுபோற நரம்புக் கற்றை அதுதான்."

"நான் உதைச்சதாலயா டாக்டர்?" என்றான் குமரன்.

"நோய் முன்னமே இருந்துச்சு. மிச்சம் இருந்த எலும்ப நீங்க ஒடைச்சிட்டீங்க."

"நான் நடப்பேனா?"

"இப்ப சொல்ல முடியாது அக்கா. முதல்ல ஆப்பரேஷன் பண்ணணும்."

"பாவி! உன் கால் அழுகிப் போகும்டா!" என்று கத்தினேன். கையில் கிடைத்த கஞ்சிக் கிண்ணத்தை அவன் முகத்தில் வீசினேன். துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

சீழை எடுத்து, முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் மாத்திரை. குமட்டும், மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும். எனக்குத் தனி டம்ளர் வைத்த சொந்தக்காரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். டிபி டம்ளரில் ஒட்டாது; நுரையீரலில் இருந்தால்தான் காற்றில் பரவும். என் நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது.

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். ஆனால் பாதம் வெகுநாள் உணர்ச்சியில்லாமல் மரத்தே கிடந்தது. படி இறங்குமுன் காலைக் கேட்டுக்கொள்கிறேன். அவசரம் என்பது எனக்கு இனி இல்லை.

போன வாரம் தெங்கேரா கடைத்தெருவில் ஒருவன் தள்ளுவண்டியை என் பாதத்தில் ஏற்றிவிட்டான். "ஐயோ!" என்று அலறினேன். கூட வந்த குமரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அடிக்கக் கை ஓங்கினான். நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"விடுடா," என்றேன். "வலிக்குதுடா தம்பி. நல்லா வலிக்குது."