கால் சுற்று

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இறுக்காத போல்ட் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கைவைத்த குழாயைத் திறக்க அப்பாவைக் கூப்பிட வேண்டும். அவர் மாட்டிக்கொடுத்த சைக்கிள் சக்கரம் தள்ளினாலும் நகராது. பூந்தமல்லி சாலையில் ஒரு கம்பெனியில் அவர் ஃபிட்டர். எங்கள் ஊரான பென்னலூரிலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான் என்பதால், இரும்புச் சாமான் எதுவானாலும் அவர் சொன்னதுதான் சட்டம். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் மண்டுகிறது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

தொண்ணூற்றொன்றில் நான் எட்டாம் வகுப்பு. ஸ்ரீபெரும்புதூரில் நான் படித்த பள்ளியில் பாட்டு டீச்சர் மதிய இடைவேளைகளில் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். ஆண்டு விழாவில் நான் தனியாக வாசிப்பது என்று முடிவானது. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் எந்த மேடையிலும் ஏறியதில்லை. வீட்டில் பழகிக்கொள் என்று டீச்சர் தன்னுடைய சொந்தக் கிட்டாரையே கொடுத்தனுப்பினார்.

அந்தக் கிட்டாருக்கு ஒரு குறை இருந்தது. கழுத்து லேசாக முன்பக்கம் வளைந்து, தந்திகள் பலகையை விட்டு மேலே ஏறி நின்றன. அழுத்தி அழுத்தி என் விரல் நுனிகள் கன்றிப்போயின. கழுத்துக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை இறுக்கினால் கழுத்து நிமிரும், தந்தி இறங்கும் என்றார் டீச்சர். கிட்டாரின் நடுவிலிருக்கும் வட்டத் துளைக்குள் கைவிட்டால் அந்தக் கம்பியின் முனை தட்டுப்படும். அதைத் திருப்புவதற்கு ஆலன் கீ என்ற வளைந்த இரும்புச் சாவி ஒன்றையும் பையில் போட்டார். தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பு, ஒரு நாள் விட்டுப் பார், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலையில் நானே கால் சுற்று திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தந்திகள் உண்மையாகவே கொஞ்சம் இறங்கியிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் தந்திகளைத் தளர்த்திவிட்டு இரண்டாவது கால் சுற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் மாமா வந்தார். அன்று அவருக்கு லீவு. லீவு நாளில் அவருக்குக் கறிச்சோறு எங்கள் வீட்டில்தான்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

விஷயத்தைச் சொன்னேன்.

“கால் சுத்தா? போல்ட்ட இறுக்குறியா, தடவிக் குடுக்குறியா? இங்க குடு.”

நான் கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டார். டீச்சர் சொன்னதை மூன்று முறை சொன்னேன். “டீச்சருக்கு போல்ட்டப் பத்தி இன்னா தெரியும்?” என்று ஒரு முழுச் சுற்று திருப்பினார். அப்புறம் இன்னும் அரைச் சுற்று. கீ திரும்பவே மாட்டேன் என்றபோது மூளையுள்ள எவனும் நிறுத்தியிருப்பான். மாமா கொல்லையிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்துவந்து கீயின் பிடியில் சொருகினார். பிடி நீளமானால் பலம் கூடுமாம். கம்பெனியில் அப்படித்தான் செய்வார்களாம்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு கீ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அவசரமாகத் தந்திகளை முறுக்கிப் பார்த்தேன். கழுத்து முன்னைவிட வளைந்துபோய், தந்திகளுக்கு அடியில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

“மட்ட இரும்பு” என்றார் மாமா. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தட்டில் நல்லி எலும்பாகப் பொறுக்கிப் போட்டாள்.

“நீதான ஒடச்ச? நாளைக்கு வந்து டீச்சர்கிட்ட நீயே சொல்லு” என்று கத்தினேன்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “நான்தான் கீழ போட்டுட்டேன்னு சொல்லு. மாமன் பேர இழுத்தியோ, தெரியும்.”

அப்பா எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்தவர். வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். இப்போதும் அப்படித்தான்.

திங்கட்கிழமை அந்தப் பொய்யைச் சொன்னேன். டீச்சர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே விழுந்த கிட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் திட்டவில்லை. சர்ச்சில் இன்னொன்று இருக்கிறது, கேட்டு வாங்கித் தருகிறேன், விழாவில் நீதான் வாசிக்கிறாய் என்றார். சாயங்காலம் ஓடிவந்து அப்பாவிடம் மூச்சிறைக்கச் சொன்னேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “ஞாயித்துக்கெழம உன் மாமன் வரட்டும். ஒரு வார்த்த கேட்டுக்கலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா யோசிக்கக்கூட இல்லை. “அதெல்லாம் வேணாம். ஊரே பாக்க மேடை ஏறி இன்னா ஆவப்போவுது?” என்றார். அப்பா சரியென்று தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

கம்பியை உடைத்த குட்டு வெளியே வந்துவிடும் என்று பயந்துதான் மாமா தடுக்கிறார் என்று நினைத்தேன். என் புத்திக்கு அன்று அவ்வளவுதான் எட்டியது. என்னை அவருக்குக் கட்டிக்கொடுப்பதென்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். பெற்ற அப்பாவே என் விஷயத்தில் அவரிடம் அனுமதி கேட்டது அதனால்தான். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அடுத்த வருட விழாவுக்கு, மாமா வராத நாளாகப் பார்த்து அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் அன்று முடிவு செய்துகொண்டேன்.