வரைபடத்தில் இல்லாத பெட்டி

என் மேசை இழுப்பறையில் வெளிர்நீல நிறக் கேபிள் ஒன்று கிடக்கிறது. ரிப்பனைப் போலத் தட்டையானது. அதன் ஒரு முனை ரவுட்டரின் பின்புறத்தில் சேரும். மறுமுனையை ஏற்கும் துளை இப்போது விற்கும் மடிக்கணினி எதிலும் இல்லை. இடையில் ஒரு சிறிய இணைப்பான் வேண்டும். எங்கள் என்ஜினியர் மெல்பர்னுக்குக் குடிபெயர்வதற்கு முன், தன் மேசையைக் காலி செய்த அன்று இதை என்னிடம் தந்தார். அங்கேயும் கேபிள் விற்பார்கள் என்றார்.

அம்பாங்கானில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். தோட்டங்களின் அலுவலகங்களைத் தலைமையகத்தோடு இணைத்துப் பராமரிப்பது தொழில். என்ஜினியர் என்னைவிட ஐந்து வயது இளைய பெண். நான் செய்தித்தாளில் நிருபராக இருந்துவிட்டு, அறிக்கை எழுதுவதற்காக அங்கே சேர்ந்தவன். எந்த இடத்துக்குப் போனாலும் என்ஜினியர், வாடிக்கையாளர் கொடுக்கும் வரைபடத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கேபிளைச் செருகி, ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ என்று தட்டுவார். தன்னோடு நேரடியாக இணைந்திருக்கும் கருவிகள் எவை என்று ரவுட்டரே ஒரு பட்டியல் காட்டும். வரைபடத்தை ஏன் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன். “படம் போட்டவரு எப்பவோ வீட்டுக்குப் போயிட்டாரு அண்ணே. பெட்டிதான் இங்க நிக்குது, அதையே கேப்போமே” என்றார்.

சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து புகார் வந்தது. பல நாட்களாக, பிற்பகல் ஆனால் தொடர்பு அறுந்துவிடும், மாலையில் தானே திரும்பிவிடும். ரவுட்டரின் பதிவில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: வெளியே போகும் கேபிளின் துளை செயலிழந்தது. அலுவலகத்தில் யாரோ கேபிளைப் பிடுங்குகிறார்கள் என்று தலைமையகம் முடிவு செய்தது. அலுவலகத்தில் முழுநேரமும் இருப்பவர் ஒருவர்தான், கணக்கு எழுதும் கிராணி. நாற்பத்தைந்து வயதுப் பெண், கணவர் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, இடி இடித்தால் கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றுவது வழக்கம் என்று அவர் உள்ளபடியே சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். மின்னலுக்கு டிவியைப் பறிகொடுக்காத வீடு இல்லை. அதை அவர்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள். வேறு மாநிலமான பகாங்குக்கு மாற்றல் என்று வாய்மொழியாகச் சொல்லியாகிவிட்டது. போனால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் அந்த ஆண்டு ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள்.

நாங்கள் போனபோது கிராணி பால் கலக்காத காப்பி வைத்தார். தான் உட்காரவில்லை. “நான் பிடுங்கினது கம்ப்யூட்டர் பிளக்குத்தான்மா. அந்தப் பெட்டிய நான் தொட்டதுகூட இல்ல” என்று ஒருமுறை மட்டும் சொன்னார். என்ஜினியர் தலையசைத்துவிட்டுக் கட்டளையைத் தட்டினார். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. அது வரைபடத்தில் இல்லாத பெயர். வரைபடத்தின்படி அலுவலகத்திலிருந்து கேபிள் நேராகக் குன்றின் மேலிருந்த கோபுரத்துக்குப் போயிருக்க வேண்டும். நடுவில் இன்னொரு பெட்டி இருந்தது.

வானம் இருட்டும்வரை காத்திருந்தோம். என்ஜினியர் கிராணியைத் தன் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்த நடுப்பெட்டிக்குப் பிங் அனுப்பி, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வந்தால் திரையில் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. முதல் இடி தூரத்தில் உருண்டது. இரண்டாவது இடி அருகில் கேட்டது. சற்று நேரத்தில் ஆச்சரியக்குறிகள் நின்று புள்ளிகள் வரத் தொடங்கின. கிராணியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. கேபிளும் இருந்த இடத்தில் இருந்தது.

என்ஜினியர் மறுபடி பட்டியலைக் கேட்டார். நடுப்பெட்டியின் பெயர் இன்னும் இருந்தது. பக்கத்துக் கருவி தன் பெயரைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். பேச்சை நிறுத்திவிட்டால், ரவுட்டர் அந்தப் பெயரைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு நீக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இறங்கிக்கொண்டே போனது. பூஜ்யத்தைத் தொட்டதும் பட்டியல் காலியானது. “அந்தப் பக்கம் கரண்ட் இல்ல. இங்க ஒன்னும் ஆகல” என்றார் என்ஜினியர். கிராணி பெருமூச்சு விட்டதாகவோ அழுததாகவோ எழுத முடியாது. காப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அலுவலகத்திலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழியில் மின்சாரம் உள்ள ஒரே இடம், பழக்குலை லாரிகளை நிறுக்கும் கொட்டகை. மழையில் அங்கே ஓடினோம். கூரைக்கடியில் அந்த நடுப்பெட்டி, தூசி படிந்த நெட்வொர்க் சுவிட்ச், விளக்கு எரியாமல் இருந்தது. கேபிள் நீளம் போதாமல், முன்பு வேலை எடுத்த யாரோ வைத்துவிட்டுப் போனது. அதன் பிளக் நிறுவைக்காரரின் கையில் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் கழற்றி முடித்திருந்தார். “இடி இடிக்குது தங்கச்சி, இத விட்டா வெடிச்சிரும்லா. யாரு பெட்டியோ, பாவம்” என்றார். கம்பெனிச் சொத்தைக் காப்பாற்றிய திருப்தி முகத்தில் இருந்தது.

என்ஜினியர் அங்கிருந்தே தலைமையகத்துக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். காரணம் முழுவதையும் கேட்ட அதிகாரி, அதெல்லாம் சரி, யார் செய்தது, பெயர் வேண்டும் என்றார். நான் குறிப்பேட்டில் நிறுவைக்காரர் பெயரை எழுதித் தயாராக வைத்திருந்தேன். செய்தி என்றால் யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். என்ஜினியர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“இடி, சார். அதுக்கு நீங்க மாற்றல் குடுக்க முடியாது.”

அறிக்கை அனுப்புங்கள் என்றார் அதிகாரி. பூட்டுள்ள பெட்டி, மின்னல் தடுப்பு, புதிய வரைபடம் என்று அறிக்கை அனுப்பினோம். அதில் மனிதர் பெயர் ஒன்றும் இல்லை. மாற்றல் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சென்ற வாரம் ஒப்பந்தப் புதுப்பிப்புக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். இணைப்பானை மாட்டி, நீலக் கேபிளைச் செருகி, அதே கட்டளையைத் தட்டினேன். கொட்டகைச் சுவிட்சுக்கு என்ஜினியர் அன்று வைத்த பெயரை யாரும் மாற்றவில்லை. பட்டியலில் ஆங்கில எழுத்தில் ‘இடி’ என்று வந்தது. திரையைப் படம் பிடித்து மெல்பர்னுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “கிராணி அக்கா?”

வெளியே வானம் இருட்டியிருந்தது. முதல் இடிக்கே கிராணி எழுந்துபோய், தண்ணீர் கொதிக்கும் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார். ரவுட்டர் பக்கம் போகவில்லை. நான் அனுப்பிய பிங்குக்கு ஆச்சரியக்குறிகள் வந்துகொண்டே இருந்தன.

இங்கேதான் இருக்கிறார் என்று எழுதி அனுப்பினேன்.