உள்பாக்கெட்டுக்கு ஒரு போன்

“...அதுக்காகக் கருப்பனைக் கழட்டச் சொல்றியா மாப்ள? செருப்புக்குத் தகுந்தாப்புலயா காலை வெட்டுவாக?” என்றார் என் தாய்மாமா.

தல்லாகுளத்தில் ஒரு போன் கடை வாசல். ஒரு கையால் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பட்டாபட்டி டிராயரின் பாக்கெட்டுக்குள் சிக்கிய புது போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போகிற கறுப்புக் கோட்டுக்காரர்கள் இருவர், இது எந்தச் செக்ஷனில் வரும் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாமாவுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம். மகளைப் புனேயில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. பிரசவம் பார்க்கப் போன அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பேரன் இடுப்பில் கட்ட வெள்ளி அரைஞாண் கொடி செய்து வைத்துக்கொண்டு, அதைத் தினமும் எடுத்துத் துடைத்து, மாமா மட்டும் இங்கே. ரயில் ஏற அவர் தயார். மகள்தான் தயாரில்லை.

காரணம் உண்டு. போன வருஷம் திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போனவர், பகல் முழுக்க போனை எடுக்கவில்லை. மகள் பதறிப்போய்ச் சொந்தக்காரர்களை எல்லாம் தேட விட்டுவிட்டாள். மாமா பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். மகளே வாங்கிக் கொடுத்த போன்தான். பலகை மாதிரி பெரிசு. எந்தப் பாக்கெட்டுக்கும் அடங்காமல், மஞ்சள் பைக்குள் துண்டில் சுருட்டி, வெற்றிலைக்கு அடியில் கிடந்தது. பஸ்ஸில் அது பாடிய போதெல்லாம், “எவன் போனோ கத்துது, எடுக்கிறானா பாரு” என்று பக்கத்து ஆளிடம் குறைப்பட்டாராம்.

அதனால் மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “கைக்கு அடக்கமா ஒரு போன் வாங்குங்க. நான் கூப்பிடுவேன். மணி நிக்கிறதுக்குள்ள எடுத்தா டிக்கெட் போடுறேன். இல்லாட்டி தீபாவளிக்கு இவரு லீவு போட்டு வந்து கூட்டிட்டு வரட்டும்.” தீபாவளிக்குப் பேரன் தவழ்ந்துவிடுவான். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை.

சட்டைப் பையில் வைத்தால் என்ன என்று கேட்டேன். “மேல்பாக்கெட்டு ஊருக்கு, உள்பாக்கெட்டு உசுருக்கு” என்றார். அவர் மேல்பாக்கெட்டில் சீப்பும் கண்ணாடியும்தான் இருக்கும். உசிரான சாமானெல்லாம் வேட்டிக்கு உள்ளே, பட்டாபட்டிப் பையில்.

ஆராய்ச்சிப் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்தேன். அட்டைப் பெட்டியைத் திறப்பதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். புதுப்பெண் முக்காட்டைக்கூட யாரும் இம்புட்டுப் பக்குவமாக விலக்கியிருக்க மாட்டார்கள். ‘பயணத்துக்கு ஏற்ற, பாக்கெட்டுக்கு அடக்கமான போன்’ என்று ஒருவர் தன் ஜீன்ஸ் பையில் வைத்துக் காட்டினார். டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையனைப் போல அதில் பாதி வெளியே நின்றது. உலகத்தில் எத்தனையோ பேர் போனைத் தண்ணீரில் முக்குகிறார்கள், மாடியிலிருந்து போடுகிறார்கள். பட்டாபட்டிப் பையில் போட்டுப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளில்லை.

கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்பில் பெரிய போனாகவே எடுத்து அடுக்கினார்.

“சின்னதா வேணும் தம்பி.”

“பட்டன் போனாய்யா?”

“பட்டன் போனுல பேரன் மூஞ்சி தெரியுமா?”

“இப்ப எல்லாமே பெருசுதான்யா. நல்லாப் படம் பாக்கலாம்.”

“படம் பாக்க நான் தேட்டருக்குப் போவேன். இது பேசுறதுக்கு.”

தம்பி யோசித்து இன்னொன்றை எடுத்தார். “இது காம்பாக்ட். அதுக்குத் தம்பி மாதிரி.”

மாமா இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரு நகக்கண் அளவு வித்தியாசம். “தம்பிங்கிற, அண்ணன் காதுக்கு நிக்குதே?” என்றவர், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வேட்டியைத் தூக்கிப் பாக்கெட்டில் அளவு பார்க்க ஆரம்பித்தார். பில் போடும் பெண் மேலே பார்த்து மின்விசிறியை ஆராய்ந்தாள்.

“ஐயா, ஐயா! கடைக்குள்ள கேமரா இருக்கு!”

“இருக்கட்டும். நல்லா எடுக்குதான்னு பாரு.”

கடைசியில், யாரும் கேட்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த ஒரு போனை, வீட்டில் கிடக்கிற பழைய பாத்திரத்தை எடுப்பது போலத் தயங்கித் தயங்கி எடுத்தார்கள். உள்ளங்கைக்கு அடக்கம். பட்டாபட்டிப் பைக்குள் அது கிணற்றில் வாளி இறங்குவது போல இறங்கியது, இழுத்ததும் வந்தது. மாமா முகத்தில் புனே ரயில் ஓடியது. விலை மட்டும் பெரிய போனைவிடக் கூடுதல் என்றார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். மாமா தடுத்துவிட்டார். “சின்ன வெங்காயத்துக்குத்தான் எப்பவுமே விலை ஜாஸ்தி. விடு மாப்ள.”

அத்தோடு வெளியே வந்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் போனை அம்மணமாக எவன் வெளியே கொண்டு வருகிறான்? புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுப்போமா? முகத்துக்குக் கண்ணாடி ஒட்டினார்கள். “கீழ விழுந்தா எந்திரிக்கணும்ல” என்று நான்தான் தடித்த ரப்பர் கவராகப் பார்த்து எடுத்தேன். கவர் போட்டதும் மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனுக்கும் கவருக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தார். கருப்பசாமி படம் ஒன்று உள்ளே போனது, துணைக்கு. அவருக்குப் பின்னால் ஒரு திருநீற்றுப் பொட்டலம். மகள் வீட்டு விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு, பாஷை தெரியாத ஊர் என்பதால். ஆதார் ஜெராக்ஸை நாலாக மடித்துச் செருகினார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஊரிலேயே சின்ன போனைத் தேடிப் பிடித்து, கடை வாசல் தாண்டுவதற்குள் அதை ஏழு மாசக்காரி மாதிரி ஆக்கியிருந்தோம்.

அமுக்கி உள்ளே தள்ளினார். போய்விட்டது. சொல்லிவைத்த மாதிரி உடனே மணி அடித்தது. மகள்தான். வேட்டிக்குள்ளிருந்து பாட்டு கேட்கிறது, மாமா இழுக்கிறார், ரப்பர் துணியைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பாட்டு முடிந்து அடங்கியது. அடுத்து என் போன் அடித்தது.

“மச்சான், அப்பா எங்க?”

“பக்கத்துலதாம்மா நிக்கிறாரு.”

“நின்னுக்கிட்டேவா எடுக்கல? அப்ப ஓடுற ரயில்ல எப்படி எடுப்பாரு?” பின்னால் குழந்தை அழுதது. “சரி, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இன்னொருக்கா கூப்பிடுறேன். அம்புட்டுத்தான்.”

கவரைக் கழற்றிவிடுவோம் மாமா, உள்ளே இருக்கிறதைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னது அப்போதுதான். அதற்குத்தான் அந்தக் கருப்பன் பேச்சும் செருப்புப் பேச்சும். நியாயமான பேச்சு என்றுதான் எனக்கும் பட்டது. போன் நமக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். போனுக்குத் தகுந்த மாதிரி நாம் மாறக்கூடாது.

அதைச் சொல்லி முடித்த மாமா, போனை ஒருவழியாக வெளியே பிடுங்கி, ரோட்டைக் கடந்து எதிர்த்த வரிசையில் இருந்த தையல் கடைக்குள் நுழைந்தார். திரைக்குப் பின்னால் போய்ப் பட்டாபட்டியை உருவி, வேட்டியோடு வந்து மேஜையில் போட்டார்.

“டெய்லரே, பாக்கெட்டைப் பிரிச்சுப் பெருசா வைக்கணும்.”

“எம்புட்டுப் பெருசா?”

“இதுக்கே அளவெடுத்துக்க.”

டெய்லர் போனை டிராயர் மேல் வைத்துச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு முடிவதற்குள் போன் மேஜையிலேயே பாட ஆரம்பித்தது. மாமா ஒரே எட்டில் பாய்ந்து, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முதல் அடி பாட்டு முடிவதற்குள் எடுத்துவிட்டார். வீடியோ கால். திரை நிறையப் பேரன் முகம், வாயோரத்தில் பால்.

“எடுத்துட்டேன் பாத்தியா தாயி! டிக்கெட்டப் போடு!”

“போடுறேன்ப்பா, போடுறேன். எங்க இருக்கீங்க? பின்னால என்ன துணியாத் தொங்குது?”

மாமா பேரனைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். கட்டை விரலால் அந்த வாயோரத்துப் பாலைத் துடைத்தார். திரை மங்கியதுதான் மிச்சம். பிறகு டெய்லர் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு விரக்கடை கூட்டியே வையி டெய்லரே. புனேயிலருந்து வாறப்ப இவன் போட்டோ ஒண்ணு உள்ள இருக்கும்.”