வெளியே பழைய கண்டென்சர், உள்ளே புதுசு

வால்வு ரேடியோ திருத்துகிறவனிடம் வருகிறவர்கள் அது பாட வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. அதைத் தொடாமலே பாடவைக்க வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் கடை கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில். முன்பக்கம் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் ரிஸ்வான் மச்சான் போன் திருத்துவார். பின்பக்கம் நானும் என் ரேடியோக்களும். பழைய ரேடியோவில் முதலில் கெட்டுப்போவது மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் கண்டென்சர்தான். மெழுகு பூசிய காகிதக் குழாய், பார்க்கச் சுருட்டு மாதிரி இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மஞ்சள் நிறத்தில் புதுசு ஒன்றைப் பொருத்தினால் ரேடியோ பாடும். ஆனால் பின்பலகையைக் கழற்றினால் கிழவருக்குத் தங்கப்பல் கட்டின மாதிரித் தெரியும். அதனால் நான் குழாய்க்குச் சூடு காட்டி, உள்ளே இருப்பதை உருவி, கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை, அளவான புதுசை உள்ளே வைத்து, அதே மெழுகை உருக்கி இரண்டு வாயையும் அடைத்துவிடுகிறேன். இதுபோன்ற வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: வேலை எவ்வளவு சுத்தமோ, அதைச் செய்ததாக நம்பவைப்பது அவ்வளவு கஷ்டம்.

ஒன்றுமே மாற்றவில்லையே

செல்லையா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்றவர். ஊமையாகிப்போன தன் ரேடியோவை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். திரும்ப எடுக்க வந்த அன்று முதல் வேலையாகப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எல்லாம் கொண்டுவந்த மாதிரியே இருக்கிறதே, எதை மாற்றினீர்கள் என்று கேட்டார். போட்டுக் காட்டினேன், கணீரென்று பாடியது. அப்போதும் நம்பவில்லை. பஸ் குலுக்கியதில் எங்கேயாவது ஒரு வயர் தானாக ஒட்டியிருக்கும் என்றார். முன்பக்கத்திலிருந்து மச்சான் வேறு சிரித்தார்.

வேறு வழியில்லை. ரேடியோவை அணைத்து, ஒரு கண்டென்சரைக் கழற்றி, அவர் கண்முன்னே மெழுகை இளக்கி உள்ளே இருந்ததை இழுத்துக் காட்டினேன். புது மஞ்சள் பளிச்சென்று வெளியே வந்தது. இயந்திரத்தோடு பழகினவர் அல்லவா, கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடமே நீட்டினார்.

"மூடிருங்க தம்பி. யாராச்சும் கேட்டா, பஸ்ஸு குலுக்குன குலுக்குல தானா பாடுச்சுன்னே சொல்லிக்கிறேன்."

நீல மை

மனோன்மணி அம்மா யாழ்ப்பாணத்தவர். அரசாங்க வேலையாகக் கண்டிக்கு வந்து, ஓய்வுக்குப் பிறகும் பேராதனையிலேயே தங்கிவிட்டவர். அவருடைய ரேடியோவைக் காலஞ்சென்ற கணவரே ஆசைக்குத் திருத்துவாராம். திறந்து பார்த்தேன். பெரிய கண்டென்சர் ஒன்றில் நீல மையால் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: 'மனோ தொடக்கூடாது.'

அம்மா கேட்டது ஒன்றுதான். ரேடியோ பாடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த எழுத்து அழியக்கூடாது. வழக்கம்போலச் சூடு காட்டினால் மெழுகோடு மையும் கரைந்து ஓடிவிடும். முதலில் ஒன்றுக்கும் உதவாத குழாய்களில் நீல மையால் எழுதி எழுதிப் பார்த்தேன். எப்படிச் சூடாக்கினாலும் எழுத்து கலங்கியது. கடைசியில் சூடாக்கும் எண்ணத்தையே விட்டேன். குழாயின் ஒரு முனையில் மட்டும் ஊசியால் மெழுகைச் சுரண்டி, உள்ளே இருந்த காகிதச் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி வெளியே எடுத்தேன். நாட்கள் போயின. மச்சான் இதைப் பல் வைத்தியம் என்றார். புதுசு உள்ளே போய் வாயும் அடைபட்ட பிறகு பார்த்தால், ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை.

அம்மா வந்தார். பாட்டைக் கேட்டார். பிறகு ரேடியோவை அணைத்து பிளக்கையும் கழற்றச் சொன்னார். உள்ளே கைவிட்டு, அந்த எழுத்தின் மேல் ஒரு விரலை வைத்தார்.

"தொட்டிட்டன். இனி என்ன செய்யிறார் எண்டு பாப்பம்."

வெடிக்கும் என்றார்கள்

அக்குறணை ஹாஜியார் புடவைக்கடைக்காரர். கண்டியில் ஒரு பாடசாலையின் பழம்பொருள் கண்காட்சிக்கு, நான் திருத்திய தன் ரேடியோவைக் கொடுத்திருந்தார். பாட்டுக் கேட்க வாருங்கள் என்று பாதி அக்குறணையையே அழைத்தும் விட்டார். மண்டபத்து மின்சாரப் பாதுகாப்புக்குப் பொறுப்பான சிங்கள ஐயா பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மெழுகுக் கண்டென்சர்களைக் கண்டதும் பிளக்கில் போடவே கூடாது, வெடிக்கும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அசல் பழசாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஹாஜியார் அழைத்த கூட்டாளிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். உள்ளே எல்லாம் புதுசு என்று நான் சிங்களத்தில் விளக்கியதை ஐயா நம்பவில்லை. உங்கள் மீட்டரை வைத்தே அளந்து பாருங்கள் என்றேன். ஒவ்வொன்றாக அளந்தார். அளக்க அளக்கப் புருவம் மேலே ஏறியது. கடைசியில் என் தோளில் தட்டிவிட்டு, பிளக்கைத் தானே எடுத்துச் செருகினார். இந்திய நிலையம் ஒன்றின் பாட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. கூட்டம் கைதட்டியது. அதுவரை வியர்த்துக்கொண்டு நின்ற ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

"பழசெல்லாம் வெடிக்கிற எண்டா, நான் எப்பவோ வெடிச்சிருக்கணும் மகன்."

நானே மாட்டிக்கொண்டது

போன மாதம் மடவளையிலிருந்து ஒருவர், யாரிடமோ வாங்கினேன் என்று ஒரு ரேடியோ கொண்டுவந்தார். சத்தம் முணுமுணுப்பாக வந்தது. திறந்து பார்த்தேன்: தூசி படிந்த, வெடிப்பு விழுந்த, அசல் மெழுகுக் கண்டென்சர்கள். இத்தனை காலமாக யாரும் கைவைக்கவில்லையே என்று மகிழ்ந்துபோய், அளந்துகூடப் பார்க்காமல் முதல் குழாய்க்குச் சூடு காட்டினேன். உருவினால் உள்ளே மஞ்சள் கண்டென்சர். கால்களில் நான் போடுகிற அதே முடிச்சு. எப்போதோ, யாருக்கோ நானே செய்த வேலை. உண்மையான கோளாறு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் சேர்ந்த அழுக்கு. துடைத்ததும் முழுக்குரலில் பாடியது.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒனக்கு யாரு சர்ட்டிபிகேட் தரப்போற? ஒன்னையே நீ ஏமாத்திட்டியே."

ஆக, இந்தத் தொழிலில் என் வேலையைப் பார்த்து யாரும் பாராட்டியதில்லை. பார்க்க முடியவில்லை என்றுதான் பாராட்டியிருக்கிறார்கள்.