பதினோராம் நம்பர் துப்பாக்கி

மீனா, கார்த்திக், இதை அப்பா தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் நீங்களே படித்துவிடுவீர்கள்தான். ஆனால் என் இங்கிலீஷ் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. டியூட்டி இல்லாத ஒரு நாளில் அம்மா உட்கார்ந்து வாசித்துச் சொல்வாள். இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என்னைப் போல இங்கே வந்து முழிக்கிறவர்கள் நாலு பேர் படித்தால் நல்லது.

தினமும் காலையில் நான் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் போன் அடிக்கும். எடுத்தால் குட்மார்னிங் கிடையாது, பெயர் கிடையாது. “வந்துட்டாளா?” என்று ஒரு கிழட்டுக் குரல் கேட்கும். “இன்னும் இல்லை சார்” என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். ஐந்து நிமிஷத்தில் இன்னொருவர், அதே கேள்வி. புதிதில் யார் வீட்டுப் பெண்ணையோ காணவில்லை போலிருக்கிறது என்று பயந்தேன். இந்த டெக்சஸ்காரர்கள் லாரியையும் படகையும்கூட ‘அவள்’ என்றுதான் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் கேட்டது ஒரு துப்பாக்கியை.

மீனா, பள்ளிக்கூடத்து ஃபாரத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் நீ ‘ஹார்டுவேர்’ என்று எழுதியிருந்தாய். பொய் இல்லை. எங்கள் கடையில் ஆணி, பெயிண்ட், தூண்டில், புல் வெட்டும் மெஷின் எல்லாம் இருக்கிறது. சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு அங்கிள், “ஹார்டுவேரா? சிப் டிசைனா பண்றீங்க?” என்று ஆசையாகக் கேட்டார். “சாவி வெட்டறேன் சார்” என்றேன். நீ சட்னி எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டாய். உன் தட்டில் சட்னி இருந்தது. அப்பா கோபப்படவில்லை. ஆனால் கடையின் பின்பக்கக் கவுண்டரில் துப்பாக்கி விற்கிற இடத்தில் அப்பா என்ன செய்கிறேன், அங்கே என்ன தப்புச் செய்தேன் என்பதை நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

அம்மாவுக்கு ஹூஸ்டனில் நர்ஸ் வேலை கிடைத்து, தொண்ணூற்றிரண்டில் நாம் வந்தோம். கார்த்திக், நீ அப்போது கைக்குழந்தை. நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். ஹூஸ்டனுக்கு முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில், வேட் என்பவருடைய கடையில் மெஷின் ரிப்பேர் பார்க்கச் சேர்ந்தேன். இசக்கிமுத்து என்ற பெயரை அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை “ஐசக்” என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் ஐசக்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறி உட்காரும். குதிரை மேல் போகிற கௌபாய்கள் வைத்திருப்பார்களே, அதுதான். அதில் ஒரு பழைய மாடலை கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. அதையே பழையபடி, எட்டுப் பட்டை வைத்த குழலும் வால்நட் மரக் கட்டையுமாக மறுபடி செய்யப்போகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான், ஊரில் உள்ள கிழவர்கள் எல்லாம் கடைக்கு வந்துவிட்டார்கள். வேட் ஒரு நீள நோட்டையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, “ஐசக், உன் கையெழுத்து நல்லா இருக்கு. வந்த வரிசைப்படி பேரை எழுது. எவனாவது சண்டைக்கு வந்தா நோட்டைக் காட்டு” என்றார்.

வசந்தத்தில் வரும் என்றார்கள், வரவில்லை. இலை உதிரும்போது என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு அப்புறம் என்றார்கள். சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் கூடிக் காப்பி குடித்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுவார்கள். பழைய மாதிரியே செய்வானா, இல்லை, தவறிச் சுட்டால் கேஸ் போடுவார்களே, அந்த வக்கீலுக்குப் பயந்து பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பொத்தான் வைத்துவிடுவானா என்பதுதான் பெரிய வழக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பில் சொல்வார்: “பொத்தான் வச்சா நான் வாங்க மாட்டேன்.” பக்கத்தில் இருக்கிற ஹார்லன் சிரிப்பார்: “வாங்குவே. வாங்கிட்டு வந்து இங்கே உக்காந்து அழுவே.”

ஹார்லனுக்கு எழுபத்தெட்டு வயது. பண்ணைகளில் கிணற்றுப் பம்பு ரிப்பேர் செய்தவர். என் வேலையும் அவர் வேலையும் ஒரே எண்ணெய் நாற்றம் என்பதால் என்னிடம் ஒட்டிக்கொண்டார். சின்ன வயதில் அவருடைய அப்பாவிடம் அந்தத் துப்பாக்கி இருந்ததாம். வீடு தீப்பிடித்தபோது கட்டை எரிந்து, குழல் வளைந்துபோயிற்றாம். “பழசு விக்கிறாங்களே, அதை வாங்கலாமே சார்?” என்று ஒருநாள் கேட்டேன். “அது வேற எவனோட அப்பனோ வச்சிருந்தது ஐசக். எனக்கு எதுக்கு?” என்றார். நோட்டில் அவர் நம்பர் பதினொன்று. பில் நாலு.

காத்திருப்பது நமக்குப் புதிதில்லை. உங்கள் தாத்தா ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு எட்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார் என்று சொன்னால் நீங்கள் “வொய்?” என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். பதிவுச் சீட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவில் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் உள்ள டீலர் கடைக்குப் போவார். அங்கே ஒரு குமாஸ்தா நோட்டைப் புரட்டி, “இன்னும் நாளாகும் அண்ணாச்சி” என்பார். தாத்தா திரும்பி வருவார். வேறொன்றும் கிடையாது. அந்தப் போக்குவரத்தே அவருக்கு ஒரு சந்தோஷம் போல இருந்தது.

ஏழாம் வருஷம் தாத்தாவின் நம்பர் மூன்றுக்கு வந்தது. மூன்று வண்டி இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினேழு வயது. குமாஸ்தா நோட்டைத் திறக்கவே இல்லை.

“அண்ணாச்சி, ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளைக்கு வண்டி குடுக்கோம்னு வாக்குக் குடுத்துட்டாவ. நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும்.”

தாத்தா கேட்டார்: “குடுத்தாச்சா, குடுக்கப் போறீயளா?”

“குடுத்தாச்சு அண்ணாச்சி.”

பஸ் சேரன்மகாதேவி பக்கம் வந்தது. தாத்தா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “கல்யாண காரியம். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேம்ல.” அடுத்த வண்டி வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. கடைசிவரை என் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மறு வருஷத்துக் கோடையில் ஹார்லன் கடைக்கு வருவது குறைந்தது. பிறகு மூக்கில் குழாயும், சக்கரம் வைத்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டருமாக மகளோடு வந்தார். சிலிண்டரை அவரேதான் இழுத்துக்கொண்டு வந்தார். மகள் என்னிடம் தனியாக, “அப்பாவுக்கு நுரையீரல் சரியில்லை” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சிலிண்டரோடு நடமாடுகிறார் என்றதும் அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. முதல் தவணையில் எங்கள் கடைக்கு நாலே நாலு. மீதி எப்போது என்று தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ரப்பரை எடுத்தேன். நாலாவது வரியில் ஹார்லன் என்று எழுதினேன். பில்லை ஐந்துக்கு இறக்கினேன். மற்றவர்களை ஒவ்வொரு வரியாகக் கீழே தள்ளினேன். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. பெரியவர், நோயாளி. நம் ஊரில் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. பில்லுக்கு அறுபதுதான், காத்திருக்கட்டும். பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, “உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? அவங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். “மனுஷங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்” என்று பெரிய ஆள் மாதிரி பதில் சொன்னேன்.

பெட்டிகள் வந்த அன்று ஹார்லனுக்கு நானே போன் செய்தேன். வந்தார். துப்பாக்கியைக் கவுண்டர் மேல் துணி விரித்து வைத்தேன். அவர் தொடவில்லை. “பில் வாங்கிட்டானா?” என்று கேட்டார். “பில் அடுத்த தவணை சார்” என்றேன். அவர் கை நீட்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். அழித்த இடம் காகிதத்தில் அழுக்காகத் தெரிந்தது. அதன் மேல் விரலை ஓட்டினார்.

“நான் பதினொண்ணு.”

“சார், உங்க உடம்பு…”

“நான் சாகப் போறேன்னு உனக்கு யார் சொன்னா?”

கூட வந்திருந்த மகள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நான் பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன். “மரியாதைக்குத்தான் சார்” என்றேன். “உன் மரியாதையை நீயே வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சக்கரம் கதவுப் படியில் ஏறாமல் முட்டியது. ஓடிப்போய்த் தூக்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே அதைத் தூக்கிப் படியைத் தாண்டிவிட்டார்.

வேட் கத்தவில்லை. நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த நோட்டை நம்பித்தான் இவனுங்க ரெண்டு வருஷமா என் காப்பியைக் குடிச்சானுங்க” என்றார். பென்சிலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பேனாவை என் முன்னால் வைத்தார். “பில் கிட்ட நீயே சொல்லு.”

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிடப் பில்லின் முகத்தைப் பார்ப்பதுதான் பெரிய பயமாக இருந்தது. பஸ் ஷெட்டுக்கே போனேன். அவர் சீட்டுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன், என் இங்கிலீஷில் முன்னும் பின்னுமாக. விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“ஹார்லனுக்கா? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே, ஐசக்.”

அவர் சொன்னது இங்கிலீஷ்தான். ஆனால் அந்தக் காலி பஸ்ஸுக்குள் எனக்கு அது சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து கேட்டது. ஒரு குழந்தை சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது. “என்னாச்சு உனக்கு?” என்று பில் தண்ணீர் கொடுத்தார்.

பில் தன்னுடையதைத் தரத் தயாராகத்தான் இருந்தார். ஹார்லன் சம்மதிக்கவில்லை. நாலாவதைப் பில்லே வாங்கிக்கொண்டு போனார். நான் பேனாவால் புதுப் பக்கத்தில் பழைய வரிசையை எழுதினேன். நாலு பில். பதினொன்று ஹார்லன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். என்னோடு பேசவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தால் குடிப்பார். காலையில் மட்டும் அவர் போன் வரும். “வந்துட்டாளா?” “இன்னும் இல்லை சார்.” அந்த ஒரு கேள்விக்காக நான் சீக்கிரம் கடையைத் திறக்க ஆரம்பித்தேன். அந்த ஏழு மாதம் அப்பா சாமி கும்பிட்டதெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

இரண்டாம் தவணை போன மாதம் வந்தது. பத்து பெட்டி. வேட் வரிசைப்படி எல்லோருக்கும் போன் செய்தார். ஹார்லன் வந்தபோது சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் கடையில் இருந்தது. துப்பாக்கி வாங்க ஒரு சர்க்கார் ஃபாரம் உண்டு, அதை வாங்குகிறவரே நிரப்ப வேண்டும். அவர் பேனா பிடித்த கையை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டார். பெயர் எழுதவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. ஒருவர் தூண்டில் முள் பாக்கெட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். பில் பெயிண்ட் அட்டையில் நீல நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் மாதிரி. நான் என் இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

எழுதி முடித்தார். வேட் போனில் சர்க்காரிடம் கேட்டு அனுமதி வந்த பிறகு துப்பாக்கியைத் தூக்கினார். லீவரைக் கீழே தள்ளினார், மேலே இழுத்தார். நல்ல ஃபிட்டிங். அந்தச் சத்தத்தில் எங்கேயும் இடறல் இல்லை. பில் வாங்கியதில் இருந்த மாதிரியே பக்கத்தில் பொத்தான் இருந்தது. “பில், பொத்தான் இருக்குடா, அழு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது என் பக்கம் திரும்பினார்.

“என்ன நம்பர், ஐசக்?”

“பதினொண்ணு சார்.”

“பதினொண்ணு” என்று தலையாட்டிவிட்டுப் போனார். கதவுப் படியில் சிலிண்டர் முட்டவில்லை. அந்த இடத்தில் நான் முந்தின வாரமே ஒரு சரிவுப் பலகை அடித்திருந்தேன். அது எல்லோருக்கும் பொது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் கலையும்போது பில் கேட்டார்: “நீயும் எங்களோடதானே இத்தனை நாள் காத்திருந்தே. உன் பேரை ஏன் போடலை?” “துப்பாக்கியோட போனா செல்வி என்னை வீட்டுக்குள்ளேயே விட மாட்டா” என்று உங்கள் அம்மாவைச் சாக்குச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். பயப்படாதீர்கள், நம் வீட்டுக்குத் துப்பாக்கி வராது. என் முறை வந்தால் அடுத்தவருக்கு விட்டுவிடுவேன். அவரைக் கேட்டுவிட்டுத்தான்.

அன்று சாயங்காலம் வேட் முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடையில் நான் மட்டும். நோட்டை எடுத்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே முப்பத்து நாலு என்று நம்பர் போட்டேன். கை பழக்கத்தில் இங்கிலீஷில் ‘ஐசக்’ என்று எழுதிவிட்டது. பேனா, அழிக்க முடியாது. பிறகு அதே வரியில், பக்கத்திலேயே, தமிழில் ‘சு. இசக்கிமுத்து’ என்று தாத்தாவின் இனிஷியலோடு எழுதி, மை காய்கிற வரைக்கும் ஊதிவிட்டு, நோட்டை மூடினேன்.